முப்பது அடி இடமும் பதினோராவது கேள்வியும்

மற்றவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலைப் பார்ப்பார்கள். என் தொழிலில் நேராகக் கொல்லைப்பக்கம் போக வேண்டும்.

வீட்டுக்குத் தீக் காப்பீடு கேட்டு விண்ணப்பம் வந்தால், கம்பெனி சார்பில் போய்ப் பார்த்து, இந்த வீடு சுலபமாகப் பற்றுமா பற்றாதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எனக்கு ஒதுக்கிய வட்டாரம் ராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை. ஊருக்குள் இருக்கும் வீடென்றால் ஒயரைப் பார்ப்பேன், சிலிண்டரைப் பார்ப்பேன், அரை மணியில் முடிந்துவிடும். கழிமுகத்து ஓர வீடுகள்தான் என் உயிரை வாங்குபவை. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஆளுயரக் கோரை, அதற்கு மேல் சீமைக்கருவேலம். ஐப்பசி மழைக்கு வளரும், மாசியில் காயும், சித்திரையில் யாரோ வீசிய ஒரு பீடித் துண்டுக்கு மொத்தமாகப் பற்றும். காட்டுத்தீ என்பது மலையில் மட்டும் வரும் சமாசாரம் என்று நினைப்பவர்கள் ஒரு சித்திரை மாதம் எங்கள் பக்கம் வந்து போகலாம்.

வீடு வீடாக ஏறி இறங்கி, நல்லதைச் சொல்லி, பதிலுக்குத் திட்டு வாங்கும் சகோதர சகோதரிகளே! மீட்டர் பார்ப்பவர்களே, கொசு மருந்து அடிப்பவர்களே, கணக்கெடுப்புக்குப் போகும் டீச்சர்களே! இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போங்கள்.

காடு எங்கே?

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேவகியக்கா வீட்டுக்குப் போனேன். கழிமுகத்தைப் பார்த்து முதுகு காட்டி நிற்கும் ஒரே தெரு, பதினேழு வீடு. தேவகியக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத் தெருவாகக் கூவி விற்பவர். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. இருபது வருஷம் கூடை சுமந்து கட்டிய இரண்டு அறை ஓட்டு வீடு. போன சித்திரையில் பின்னால் பிடித்த தீ, கொல்லையில் இருந்த ஓலைக் கொட்டகையைத் தின்றுவிட்டது. உள்ளே இருந்த வலைகளும் போயின. வீட்டின் பின்சுவரில் கரி இன்னும் இருந்தது. "இன்னொரு தபா வந்தா வூட்ட எடுத்துகினு பூடும் மேடம், அதுக்கு முன்னால நீ ஒரு காயிதம் குட்த்துடு" என்றார்.

பின்கதவைத் திறந்து எட்டு அடி எடுத்து வைத்தேன், ஒன்பதாவது அடியில் முள் குத்தியது. "அக்கா, வீட்டுச் சுவரிலிருந்து முப்பது அடிக்கு ஒரு புல் பூண்டு இருக்கக்கூடாது. இந்தக் காட்டை வெட்டினால்தான் நான் கையெழுத்துப் போட முடியும்" என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"காடா? எங்க கீது காடு? இது இந்தத் தெரு ஆம்பளைங்க காலைல குந்துற எடம், இத்தப் போய் வெட்னா எனக்கு யாரு ஓட்டுப் போடுவான், நான் மாதர் சங்கத் தலைவி!"

பதினோராவது கேள்வி

எங்கள் படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். இருபத்தொன்றை நான் எழுதிவிடுவேன். பதினோராவது கேள்வி மட்டும் எனக்கு ஜென்மப் பகை: "வீட்டை ஒட்டிய காலி இடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது?" அந்தப் பொறுப்பாளர் பெயர், கையெழுத்து. யார் இடத்தில் கிளம்பிய நெருப்பு யார் வீட்டை எரித்தது என்று பின்னால் தகராறு வரக்கூடாது என்பதற்காகக் கம்பெனி வைத்த கேள்வி. தேவகியக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடமோ, அரசாங்கத்துடையது என்று பாதிப் பேரும் ஏதோ கம்பெனியுடையது என்று பாதிப் பேரும் சொல்லும் இடம். அரசாங்கமும் வந்ததில்லை, கம்பெனியும் வந்ததில்லை. கருவேலம்தான் வந்து குடியேறியது.

அக்கா ஜகா வாங்கினார். பக்கத்து வீட்டுக் காதர் பாயிடம் போனேன். பாய் காயலான் கடை வைத்திருப்பவர், வீட்டின் பக்கவாட்டிலேயே பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் மலையாகக் கிடக்கும். வெள்ளைத் தாடி, பொறுமையான மனிதர். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஆஹா, இவர் போட்டுவிடுவார் என்று நான் பேனா மூடியைத் திறந்தேன். பாய் படிவத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"ரோசன பண்ணிப் பாரும்மா. இப்ப நெருப்பு வந்தா எல்லாரும் விதிய திட்டுவாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டா, காதர திட்டுவாங்க."

வெட்டியாச்சு மேடம்!

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன். "வெட்டியாச்சு மேடம், வந்து பாரு, முப்பது அடி கேட்ட, முப்பத்தஞ்சு கீது!" எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வழியில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டியிருந்தார்கள், பொய் இல்லை. பதினேழு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு அரிவாளை எடுத்து அவரவர் கொல்லைக்கு நேராக வெட்டித் தள்ளியிருந்தார்கள். யார் வெட்டியது என்று கேட்டால் புயலில் சாய்ந்தது என்று சொல்வதாகத் தெருவே கூடிப் பேசி வைத்திருந்தது. பொறுப்பு வந்துவிடக் கூடாதல்லவா! சரி, போகட்டும். வெட்டிய முள்ளும் மரமும் எங்கே என்று தேடினேன். அத்தனையும் ஒரு குச்சி வீணாகாமல் அக்கா வீட்டுப் பின்சுவரோடு அணைத்து, ஜன்னல் உயரத்துக்கு அழகாக அடுக்கி வைத்திருந்தது. எட்டு அடி தள்ளி இருந்த நெருப்பைச் சுவருக்கே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தார்கள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "அக்கா! இது வீடா, சிதையா? எதுக்கு இதை இங்கே அடுக்கினீங்க?" என்று கத்திவிட்டேன். அக்காவுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. ஸ்வீட் டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் திறந்துகொண்டே நிதானமாகச் சொன்னார்:

"இன்னா மேடம் கோச்சிக்கிற, அடுத்த மாசம் போகி வர்து இல்ல, இங்கியே வச்சு கொளுத்திட்லாம்னுதான்!"

போகிக்குக் காவல்

அந்த வருஷம் போகியன்று விடியற்காலையில் என் வீட்டில் கோலம் போடவில்லை. எண்ணூரில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர், "உனக்குப் பைத்தியம்" என்றார். இருக்கட்டும்.

அக்கா தீப்பெட்டியோடு தயார். பழைய கோரைப்பாய், பழைய முறம், ஒரு டயர். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் காதர் பாய்தான் வழி கண்டுபிடித்தார். அவர் மச்சான் வண்ணாரப்பேட்டையில் பிரியாணி மாஸ்டர். கருவேல விறகுத் தணலில் தம் போட்டால்தான் அவருக்குப் பிரியாணி. பாய் ஒரு போன் போட்டார். பொழுது விடிவதற்குள் மூன்று மீன்பாடி வண்டிகள் வந்து, அடுக்கியிருந்த மொத்த விறகையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. பின்சுவர் காலி. நான் மூச்சு விட்டேன். மத்தியானம் தெருவுக்கே ஒரு அண்டா பிரியாணி வந்தது, அக்காவும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் அவருக்கு நியாயம் உதித்தது.

"நல்லா கீதுமே உன் கத! ஊருல எல்லாரும் போகிக்குக் கொளுத்துறான், எங்க தெரு மட்டும் போகிய பிரியாணிக்கு அனுப்பிட்ட!"

அன்றிலிருந்து நான் அவருக்கு மேடம் இல்லை. "இன்னாமே" ஆகிவிட்டேன்.

ஆட்டு யோசனை

வெட்டிய இடத்தில் மறுபடி முளைக்காமல் இருக்க ஆடுகளை மேய விடலாம் என்று எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. எழுதியவர் ஆட்டைக் கறியாக மட்டும் பார்த்தவர் போலிருக்கிறது. நானும் நம்பி, தெருக்கோடியில் இருந்த ஏழெட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஆடுகள் வந்தன. கருவேல இலையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீழே கிடந்த கருவேலங்காய்களைத் தேடித் தேடித் தின்றன, அங்கேயே புழுக்கை போட்டன. தை மாதம் ஒரு மழை பெய்தது. அடுத்த முறை போனபோது, முப்பத்தைந்து அடியும் பச்சைப் பசேல் என்று கருவேலங்கன்று. நாற்றங்கால் கெட்டது! நான் தலையில் கை வைத்து நின்றேன். காதர் பாய் பக்கத்தில் வந்து நின்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

"ஆட்ட திட்டாதம்மா, அது அதும் வேலைய கரீக்டா பண்ணிடுச்சு, நீதான் வெவசாயத்துக்கு ஆள் எட்த்துட்ட."

சுத்தமான இடத்தின் கதி

கன்றுகளை அக்காவும் தெருப் பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து பிடுங்கினார்கள். நானும் பிடுங்கினேன், இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை. மாசி பிறக்கும்போது இடம் கண்ணாடி போல இருந்தது. எங்கள் ஊரில் ஒரு இடம் காலியாகவும் சுத்தமாகவும் இருந்தால் என்ன ஆகும் என்று வாசகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரே வாரம். பக்கத்துத் தெருக்காரர்கள் குப்பையைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். பால் கவர், தலையணைப் பஞ்சு, தெர்மாகோல், கல்யாண வீட்டு இலை. யாரோ ஒரு நாள் அதில் நெருப்பும் வைத்து, அக்கா நாலு குடம் தண்ணீர் ஊற்றி அணைத்தார்.

நான் போய்ப் பார்த்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. விறகு அடுக்கியபோது ஒரு முறை, இப்போது இரண்டாவது முறையாக "தகுதி இல்லை" என்று எழுத வேண்டிய நிலைமை. "இந்த ஊர்ல எவனுக்கும் சொல்லிப் புரியாது அக்கா! ஒரு சாமியைக் கொண்டுவந்து நடுவுல வையுங்க, அப்பத்தான் கொட்ட மாட்டான்!" என்று வாய்க்கு வந்ததைக் கத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன். கோபத்தில் சொன்னது. வீட்டுக்கு வந்து மறந்தும் போனேன். மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து போன்.

"இன்னாமே, எங்க கீற? ஜல்தி வா, அம்மா வந்துட்டா!"

வாஷிங் மெஷினுக்குள் விளக்கு

போனேன். இடத்தின் நடுவில் ஒரு ஆள் உயரத்துக்குச் சூலம். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். சூலத்துக்கு இரும்பு கொடுத்தவர் காதர் பாய், பட்டறையில் அடித்துக் கொடுத்தவர் அவருடைய தோஸ்து. குப்பை? ஒரு துண்டுக் காகிதம் இல்லை! மூன்றே நாளில் அத்தனையும் மாயம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியே கீழே பார்த்தேன், சிலிர்ப்பு போய்விட்டது. சூலத்தின் அடியில் பதினோரு அகல் விளக்கு, பக்கத்தில் கற்பூரக் கட்டி, அதற்கு ஒரு முழம் தள்ளிக் காய்ந்த கோரைப் புல் கட்டு.

"அக்கா, நெருப்பு வரக்கூடாதுன்னு வெட்டின இடத்துல நீங்களே நெருப்பு வைக்கிறீங்களே!" என்றேன். "அம்மாவுக்கு வெளக்கு வெக்காம, டியூப் லைட்டா வெப்பாங்க?" என்றார் அக்கா. அவர் சொல்வதும் நியாயம். சாமி காரியத்தில் நான் சட்டம் பேச முடியாது. பேசினால் தெருவே என் மேல் பாயும். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, காதர் பாய் தன் இரும்பு மலைக்குள் போனார். உருட்டல் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது ஒரு பழைய வாஷிங் மெஷினின் உள்டிரம்மைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். எவர்சில்வர், சுற்றிலும் ஓட்டை ஓட்டையாக. கவிழ்க்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்து, கல் முட்டுக் கொடுத்து, விளக்குகளை உள்ளே வைத்தார்கள். காற்று அடித்தாலும் சுடர் வெளியே தாவாது. ஓட்டை வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சூலத்தின் மேல் விழுந்தது. தெருப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பதினஞ்சு வருசம் யார் யார் அழுக்கையோ தொவச்ச டிரம்மு, கடசீல அதுக்கு நல்ல காலம் பொறந்துச்சு பாரு."

நோட்டீஸ் யாருக்கு?

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் எந்த விதத்திலும் பொறுப்பு இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டார்கள். கோலம் வாரத்துக்கு வாரம் பெரிதானது, அதற்கேற்றபடி பெருக்கும் இடமும். சித்திரையில் கூழ் ஊற்றுவது என்று முடிவானது. கூழ் குடிக்க வருபவர்கள் உட்கார வேண்டாமா? படகுத்துறையில் தூர்வாரிக் குவித்திருந்த மணலை மீன்பாடி வண்டிகளில் அள்ளி வந்து தெருவின் நீளத்துக்கும் கொட்டிப் பரப்பினார்கள். ஓலைப் பந்தல் போட்டால் நான் வாசலில் படுத்துவிடுவேன் என்று மிரட்டியதால், பாய் கடைத் தகரத்தில் பந்தல். நான் டேப்பை வைத்து அளந்தேன். சுவரிலிருந்து ஐம்பத்திரண்டு அடி, வெறும் மணல். என் சர்வீஸில் இப்படி ஒரு கொல்லையை நான் பார்த்ததில்லை.

ஆனால் பதினோராவது கேள்வி அப்படியே நின்றது. கையெழுத்துப் போடச் சொன்னால், தெரு மொத்தமும் ஒரே பதில்: "அம்மா எடம், அம்மா பொறுப்பு." வேறு வழியில்லாமல் நானும் பராமரிப்பாளர் பெயர் என்ற இடத்தில் "அம்மன்" என்று எழுதி, போட்டோக்களோடு மேலாளர் மேஜையில் வைத்தேன். எங்கள் மேலாளர் நல்லவர், கெட்டவர் என்றெல்லாம் சொல்ல முடியாது, அவர் படிவத்தை நம்புகிறவர். மணலைப் பார்த்து மெச்சினார். டிரம்மைப் பார்த்துச் சிரித்தார். பதினோராவது கேள்விக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். முதல் இரண்டு முறை நான் மறுத்த படிவத்தை மூன்றாவது முறை அவர் திருப்பி அனுப்பினார்.

"எனக்கும் பக்தி உண்டும்மா, ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நோட்டீஸை எந்த அட்ரஸுக்கு அனுப்புறது?"

மேல்காற்று

கூழ் ஊற்றுவதற்கு இரண்டு நாள் முன்னால், திருப்பி அனுப்பிய படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே போனேன். காலை பதினொரு மணி இருக்கும். தெருமுனை திரும்பும்போதே புகை. கழிமுகத்துப் பக்கம் கோரை பற்றிக்கொண்டிருந்தது. சித்திரைக் காலையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், மத்தியானத்துக்கு மேல்தான் கடல்காற்று இறங்கும். அதாவது நெருப்பு நேராக வீடுகளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. அது எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டு சங்கு ஊதிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் கேட்டது.

தேவகியக்கா மணலின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கூழுக்காக நிரப்பி வைத்திருந்த தண்ணீர் டிரம்களில் கோணிப்பையை நனைத்து நனைத்துப் பெண்களிடம் கொடுத்தார். காதர் பாய் பந்தல் தகரத்தைப் பிரித்து, தன் கடைப் பிளாஸ்டிக்குக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தினார். "அக்கா, வெளியே வாங்க, வீட்டை விடுங்க!" என்று கத்தினேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். "பன்னண்டரைக்கு கடக்காத்து எறங்கிடும். அது வரிக்கும் தாங்குனா போதும். நெருப்பு மணல்ல இன்னாத்த துன்னும்?" என்றார்.

கருவேலம் வெடிக்கும் சத்தம் பட்டாசு மாதிரி. ஒரு கட்டத்தில் அனல் தாங்காமல் எல்லோரும் சுவர் வரைக்கும் பின்வாங்கினோம். நெருப்பு மணல் விளிம்புக்கு வந்தது. வந்து நின்றது. பறந்து விழுந்த பொறிகளைக் கோணியால் அடித்துக்கொண்டே இருந்தோம். என் துப்பட்டாவில் இரண்டு ஓட்டை, அக்காவின் புறங்கையில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான் சேதம். பன்னிரண்டரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முதுகில் ஜில்லென்று பட்டது. கடல்காற்று. நெருப்பு வந்த வழியே திரும்பி, ஏற்கெனவே எரித்த இடத்தைப் பார்த்துத் திணறி அடங்கியது. பதினேழு வீட்டில் ஒரு வீட்டுச் சுவரில்கூடப் புதிதாகக் கரி இல்லை. சூலம் நின்றது, டிரம் நின்றது. தீயணைப்பு வண்டி வந்து புகைந்துகொண்டிருந்ததை நனைத்தது. அந்த வண்டியின் அதிகாரி மணலில் நடந்து, குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, ஆச்சரியத்தோடு கேட்டார்:

"எத்தனையோ மீட்டிங் போட்டு நாங்க கத்துறோம், ஒருத்தரும் பத்தடி வெட்டறதில்ல, இங்க யாரும்மா இதுக்குப் பொறுப்பு?"

ஒரு வரி, பதினேழு பெயர்

எல்லோரும் சூலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமான பதில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. எனக்கும் அதுதான் நேரம் என்று தோன்றியது. கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, "அக்கா, மூணாவது தடவையும் திருப்பிட்டாங்க. அம்மனுக்கு அட்ரஸ் இல்லையாம்" என்றேன். ஐந்து மாதம் இந்த வீட்டுக்காக நான் வாங்கிய திட்டும் கொடுத்த திட்டும் எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது.

தேவகியக்கா மணலிலேயே உட்கார்ந்தார். கொப்புளம் வந்த கையை ஈரக் கோணியில் சுற்றியிருந்தார். தன் வீட்டைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம்தான் அழுதார். சத்தமாக, மீன் கூவி விற்கிற அதே குரலில் அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "பேனா குடுமே" என்றார். பதினோராவது கேள்விக்கு நேராக "தேவகி" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காதர் பாய் பேனாவை வாங்கி அதன் கீழே போட்டார். "திட்டட்டும், காதரத்தானே, திட்டட்டும்" என்று முணுமுணுத்தார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. படிவத்தில் இருந்தது ஒரே ஒரு வரி. பதினேழு பெயர் ஓரத்தில் ஏறி, மேலே வளைந்து, பின்பக்கம் போய் முடிந்தது. அதைப் பார்த்த எங்கள் மேலாளர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார், அது தனிக் கதை. அன்று மணலில், கடைசிப் பெயர் எழுதி முடித்ததும், "இத்தனை நாள் மாட்டேன்னுட்டு இப்ப எப்படி அக்கா?" என்று கேட்டேன். அக்கா சூலத்தைக் காட்டினார்.

"அவ இன்னிக்கு அவ வேலைய பாத்துட்டாமே, எங்க வூட்டு வேலையையும் எத்தினி நாளு அவளே பாப்பா?"

நெருப்பு யாரிடமும் கேட்காமல் வருகிறது, நான் மட்டும்தான் கதவைத் தட்டிவிட்டு வருகிறேன், அதனால்தானோ என்னவோ இந்தத் தொழிலில் திட்டு முழுவதும் எனக்கே கிடைக்கிறது, போனால் போகிறது என்று கூழும் கிடைக்கிறது.